சேருக்கு, ஆறு மீற்றர் கோட்டிலிருந்து

அன்புள்ள சேர்,

என்னை ஞாபகம் இருக்குமோ தெரியாது. 2012ஆம் ஆண்டு, தகரக் கொட்டில் வகுப்பறை, கடைசி வாங்கு, கட்டையான தோள் அகன்ற பொடியன். "மாடு மாதிரி நிக்கிறாய், உனக்கு ஒரு இடம் வைச்சிருக்கிறன்" என்று நீங்கள் சொன்னது என்னைத்தான். உங்கள் பழைய இலக்கத்துக்கு எடுத்தால் வேறு யாரோ ஒரு அம்மா கதைக்கிறா. அதனால்தான் எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன், மட்டக்களப்புப் பக்கம் யாராவது கண்டு உங்களிடம் காட்டினால் சரி.

உங்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் கைப்பந்து, அதுதான் நீங்கள் பழக்கின ஹாண்ட்போல்.

2024 ஒகஸ்ட் 11, ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் ஒலிம்பிக்கின் கடைசி நாள். இங்கே சிறுபோக வெட்டு முடிந்து நெல்லை றோட்டோரம் காயப் போட்டிருந்தோம். எங்கள் நேரத்துக்குப் பின்னேரம் ஐந்து மணிக்கு ஆண்கள் இறுதி ஆட்டம், டென்மார்க்கும் ஜேர்மனியும். அதே ஐந்து மணிக்குத்தான் நெல்லைக் கூட்டிக் குவித்துப் படங்கு மூடவும் வேண்டும். போனை ஒரு மூட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, பலகையால் நெல்லைத் தள்ளுவதும் ஓடி வந்து பார்ப்பதுமாக நின்றேன். சோளகக் காற்றுக்குப் போன் இரண்டு தரம் விழுந்தது, ஒவ்வொரு தரமும் தூக்கிப் பார்க்கும்போது டென்மார்க் இன்னும் மூன்று கோல் போட்டிருந்தது. இடைவேளைக்கு 21–12, முடிவில் 39–26. அண்ணா வந்து பார்த்துவிட்டு "இதென்ன, ஒரு பக்கம் மட்டும்தான் விளையாடுதா?" என்று கேட்டார். அவருக்கு உதைபந்தாட்டக் கணக்கு, ஒன்றுக்குப் பூச்சியம் என்றால்தான் ஆட்டம்.

எல்லாரும் கிட்செலைத்தான் பார்த்தார்கள், மத்தியாஸ் கிட்செல், மெலிந்த பொடியன், இரண்டு பேருக்கு நடுவே நூல் கோக்கிற மாதிரி நுழைந்து போகிறவர், அந்தப் போட்டியின் சிறந்த வீரரும் அவர்தான். நான் பார்த்தது பிவட்டை. டென்மார்க்கில் மக்னஸ் சௌக்ஸ்ட்ரூப், ஜேர்மனியில் யொஹன்னெஸ் கோலா, அவர் அணித்தலைவரும் கூட. ஆறு மீற்றர் கோட்டில் கோலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு மலை மாதிரியான தடுப்பாளர்களுக்கு நடுவே, யாரும் பந்து தராமலே பத்து நிமிடம் இடிபட்டுக்கொண்டு நிற்கிற அந்த வேலையைத்தானே சேர் நீங்கள் எனக்குத் தந்தீர்கள். அப்போது எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? எல்லாரும் ஓடி எறிகிறார்கள், நான் மட்டும் கட்டை மாதிரி நிற்கிறேன், வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினால் விலா எல்லாம் கன்றியிருக்கும், அம்மா "யாரோடை அடிபட்டனீ?" என்று கேட்பா.

போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்த பிறகுதான் விளங்குகிறது. பிவட் சும்மா நிற்பதில்லை. பந்து இடப்பக்கம் போகும்போது இடுப்பை ஒரு சாண் வலப்பக்கம் தள்ளுகிறான், தடுப்பாளன் அந்த ஒரு சாணுக்குக் கட்டுப்பட்டு நிற்கிறான், அந்த இடைவெளிக்குள்ளால்தான் கிட்செல் போகிறார். கோல் கணக்கில் கிட்செல் பெயர், அந்த ஒரு சாணுக்கு எந்தக் கணக்கிலும் பெயர் இல்லை.

நீங்கள் இதைக் கிளித்தட்டை வைத்துச் சொல்லித் தந்தீர்கள். ஆறு பேரும் கோட்டில் வரிசையாக மறித்து நின்றால் அது தட்டு, ஒருவன் முன்னுக்கு வந்து அலைந்தால் அவன்தான் கிளி. ஆறுக்குப் பூச்சியம், ஐந்துக்கு ஒன்று என்று பெரிய பயிற்றுநர்கள் சொல்கிற தடுப்பு முறைகள் எங்களுக்கு அரை மணித்தியாலத்தில் விளங்கினது அதனால்தான்.

அந்த மைதானத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு. 40 மீற்றர் நீளம், 20 மீற்றர் அகலம் சரியாக இருக்க வேண்டும் என்று நீங்கள் ஒற்றைக் காலில் நின்றீர்கள், ஆனால் இருந்ததோ சரளை மண். கோல் தூணுக்குக் காட்டுத்தடி, வலைக்கு முல்லைத்தீவிலிருந்து யாரோ கொண்டுவந்த பழைய மீன்வலை, ஈரம் பட்டால் மணக்கும். கீப்பரைத் தவிர ஒருவரும் மிதிக்கக்கூடாத அந்த ஆறு மீற்றர் கோட்டை, டி கோட்டைப் போட, ஒவ்வொரு தூணடியிலும் கயிற்றைக் கட்டி ஆறு மீற்றரில் கால் வட்டம் இழுத்து, நடுவில் மூன்று மீற்றர் நேர்கோட்டால் இரண்டையும் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு இல்லை, சமையல்கட்டுச் சாம்பல். ஒரு காற்று அடித்தால் கோடு போய்விடும், பிறகு நான் உள்ளே மிதித்தேனா வெளியே மிதித்தேனா என்று அரை மணித்தியாலம் சண்டை. எல்லையில் வேலிக்கு அப்பால் கண்ணிவெடி அகற்றுகிற ஆட்கள் கட்டிய சிவப்புப் பலகை வேறு. அந்தப் பக்கம் பந்து போகக்கூடாது என்பதற்காகவே நாங்கள் குறி பார்த்து எறியப் பழகினோம் என்று இப்போது பகிடிக்குச் சொல்வேன், அப்போது பகிடி இல்லை.

முதல் மூன்று மாதம் உதைபந்தை வைத்துத்தானே பழகினோம். அதன் சுற்றளவு 68 முதல் 70 சென்ரிமீற்றர். ஆண்கள் கைப்பந்து 58 முதல் 60. அந்தப் பத்து சென்ரிமீற்றரில்தான் முழு விளையாட்டும் இருக்கிறது, ஒரு கையால் பிடிக்க முடிந்தால்தானே ஏமாற்றி எறியலாம். ஐரோப்பாவில் விரலுக்குப் பிசின் பூசுவார்கள் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு நாங்கள் விளாத்தியில் வழிந்த பிசினைத் தண்ணீரில் ஊறவைத்துப் பூசினோம், பத்தாவது நிமிடம் பந்து முழுக்க மண், பார்த்தால் எள்ளுருண்டை. ஒலிம்பிக்கில் கவனித்தேன், அவர்கள் சப்பாத்தில் ஒரு பொட்டுப் பிசின் வைத்திருந்து குனிந்து தொட்டுக்கொள்கிறார்கள். எங்களுக்குச் சப்பாத்து இல்லை, அதுதான் பிழைத்துவிட்டது.

அப்புறம் நீங்கள் எங்கிருந்தோ ஒரு உண்மையான பந்தோடு வந்தீர்கள். ஒன்றே ஒன்று. பாடசாலைப் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தில் ஏறிய பந்து.

சேர், கால் இறுதி ஆட்டம் பார்த்தீர்களா? ஒகஸ்ட் 7, பிரான்சும் ஜேர்மனியும். முதல் சுற்று ஆட்டங்களைப் பாரிசில் வைத்துவிட்டுக் கால் இறுதியிலிருந்து லீல் பக்கம் ஒரு பெரிய உதைபந்தாட்ட மைதானத்துக்குக் கொண்டுபோனார்கள். அந்த மைதானத்தின் பாதிப் புல்தரை அப்படியே உயர்ந்து மற்றப் பாதிக்கு மேலே நகர்ந்துவிடுமாம், கீழே கூடம் மாதிரி வந்துவிடும், கூரையையும் மூடலாம். நாங்கள் சாம்பலால் கோடு போட்ட ஆட்கள், சரி விடுங்கள்.

பிரான்ஸ் 29–28 முன்னுக்கு. ஆறு நொடி மிச்சம். பிரான்சின் பயிற்றுநர் ஜீல் நேரம் கேட்டு நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டுப் பேசினார். பந்து பிரான்சின் கையில், செய்ய வேண்டியது ஆறு நொடி அதை வைத்திருப்பது மட்டும். டிக்கா மெம், உலகத்திலேயே பெயர்போன ஆட்களில் ஒருவர், ஒரு பாஸ் கொடுத்தார், ஜேர்மனியின் கொஸ்டர் கையைப் போட்டுப் பறித்தார், பந்து உஷ்சின்சுக்குப் போனது, 22 வயதுப் பொடியன், கடைசி நொடியில் கோல். 29–29. மேலதிக நேரத்தில் ஜேர்மனி 35–34. உஷ்சின்ஸ் மட்டும் 14 கோல். பிரான்சின் நிகோலா கரபாதிச், 40 வயது, மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிய மனிசன், அவருடைய கடைசி ஆட்டம் இப்படியா முடிய வேண்டும்? டென்மார்க்கின் மிக்கெல் ஹான்சனும் அதே ஒலிம்பிக்கோடுதான் விலகினார், அவர் தங்கத்தோடு போனார். மெம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றாரோ என்னவோ, நான் பார்க்கவில்லை, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எனக்கு நினைவு வேறு இடத்துக்குப் போய்விட்டது.

வலய மட்டப் போட்டி, கடைசி நிமிடம், நாங்கள் ஒரு கோல் பின்னுக்கு. உங்களுக்கு மறந்திருக்காது. பந்து என் கைக்கு வந்தது, எனக்குத்தான், அந்த ஆட்டம் முழுக்க மூன்றாவது தரம். திரும்பினேன், கீப்பர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டான், எறிந்தேன், கோல். நடுவர் விசில். கால் கோட்டில். நான் பாயவில்லை சேர், மிதித்துவிட்டேன். "கோட்டுக்கு மேல ஆகாசம் ஒருத்தருக்கும் சொந்தமில்லை, பாய்ஞ்சு போ, விழ முந்தி எறி" என்று நீங்கள் ஆயிரம் தரம் சொன்னதை அந்த ஒரு நொடியில் மறந்துவிட்டேன். பேருந்தில் முறிகண்டியில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திக் கச்சான் வாங்கித் தந்தீர்கள். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. நீங்கள் கச்சானை உடைத்து உடைத்து என் கையில் போட்டுக்கொண்டே வந்தீர்கள், ஒரு சொல் சொல்லவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இந்த ஒலிம்பிக்கில் ஆண்கள் பக்கம் ஆசியாவிலிருந்து ஜப்பான் ஒன்றுதான், அவர்களும் குரோஷியாவிடம் 29–30 என்று ஒரே கோலில் தோற்றார்கள். ஸ்லோவேனியா என்று ஒரு சின்ன நாடு, சனத்தொகை எங்கள் வட மாகாணத்தைப் போல இரண்டு மடங்குதான் வரும், அரை இறுதியில் டென்மார்க்கை 31–30 வரைக்கும் இழுத்து, வெண்கலத்துக்கு ஸ்பெயினிடம் 22–23 தோற்று வெறுங்கையோடு போனது. இரண்டு தரமும் ஒரு கோல். அவர்களுக்குக் கச்சான் வாங்கிக் கொடுக்க ஆள் இருந்திருக்குமோ?

சரி, அந்த விஷயம். அடுத்த கிழமை பந்து காணாமல் போனதே, எல்லாரும் தேடினோம், நானும் உங்களோடு சேர்ந்து கிணற்றடி வரைக்கும் தேடினேன். எடுத்தது நான். இனி யாரும் இதை விளையாடக்கூடாது என்ற கோபத்தில் உரப்பையில் போட்டு எங்கள் மாட்டுக் கொட்டிலின் கூரைக்குள் செருகிவிட்டேன். அடுத்த ஆண்டு உங்களுக்கு மாற்றம் வந்தபோது பதிவேட்டுக் கணக்கைச் சரிக்கட்ட நீங்கள் உங்கள் சம்பளத்திலிருந்து காசு கட்டினதாகப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

இறுதி ஆட்டம் முடிந்து நெல்லை மூடிவிட்டு ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். இருக்கிறது. தோல் வெடித்துக் காற்று நிற்காது, எலியும் கடித்திருக்கிறது. புதுசு ஒன்று வாங்கி அனுப்பலாம் என்று கிளிநொச்சி டவுனுக்குப் போய்க் கைப்பந்து கேட்டேன், அளவு மூன்று என்றும் சொன்னேன். கடைக்காரத் தம்பி உள்ளே போய் நெடுநேரம் தேடிவிட்டு வலைப்பந்து ஒன்றைக் கொண்டுவந்து, "கையால விளையாடுறதுதானே அண்ணை?" என்றான். கொழும்புக்குச் சொல்லி விட்டிருக்கிறேன். உங்கள் விலாசம் மட்டும் வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிவட்