ஒரே மாணவன், மூன்று வரவு வீதங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிக்ஸ்த் ஃபோமில் (பதினாறு முதல் பதினெட்டு வயது வரையான 12, 13ஆம் ஆண்டு வகுப்புகளில்) படிக்கும் பிள்ளைகளின் வரவையும் முயற்சியையும் நடத்தையையும் பெற்றோர் பாடசாலைச் செயலியில் அன்றாடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தி, சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். வடமேற்கு லண்டனில் உள்ள பாடசாலையொன்றில் இரசாயனவியல் கற்பிப்பவள், 12ஆம் ஆண்டு வகுப்பொன்றின் பொறுப்பாசிரியையாகவும் இருப்பவள் என்ற வகையில் கட்டுரையின் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆயினும், செயலி காட்டும் ஒற்றை எண்ணை நம்மவர்கள் வாசிக்கும் விதம் குறித்துச் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

கடந்த பெற்றோர் சந்திப்பில் ஒரு தகப்பனார், "மகனுக்குத் தொண்ணூற்று மூன்று வீதம் காட்டுது ரீச்சர், பிறகென்ன குறை?" என்று கேட்டார். பரீட்சைப் புள்ளிகளோடு வளர்ந்த நமக்குத் தொண்ணூறைக் கடந்த எந்த எண்ணும் பெருமைக்குரியதாகவே தெரிகிறது. வரவுக் கணக்கு அப்படிப்பட்டதன்று. இங்கிலாந்தின் பாடசாலை ஆண்டு 190 நாட்கள் கொண்டது. நாளொன்றுக்குக் காலை, பிற்பகல் என இரண்டு அமர்வுகள். அவற்றில் பத்தில் ஒரு பங்கைத் தவறவிடும் மாணவரைக் கல்வித் திணைக்களம் தொடர்ச்சியாக வராதவர் என்ற வகையில் சேர்க்கிறது. அதாவது, நாம் மெச்சுகிற தொண்ணூறு வீதம் 19 நாட்களை, ஏறத்தாழ நான்கு பாடசாலை வாரங்களை இழந்த பிள்ளையின் எண்.

அந்தத் தொண்ணூற்று மூன்றுக்குள்ளும் வேறொன்று ஒளிந்திருந்தது. அம்மாணவன் மூன்று பாடங்கள் படிக்கிறான். பாடத்துக்கு வாரம் ஐந்தாக மொத்தம் பதினைந்து பாடவேளைகள். வாரந்தோறும் ஒரேயொரு பாடவேளைக்குத்தான் அவன் வரவில்லை. பதினைந்தில் பதினான்கு என்பது 93 வீதம். ஆனால் விடுபட்டது எப்போதும் புதன்கிழமை இரசாயனவியல் வகுப்பே என்பதால், என் பாடத்தில் அவனது வரவு 80 வீதம். சட்டப்படி வைக்கப்படும் வரவு இடாப்போ காலையிலும் பிற்பகலிலும் ஒவ்வொரு தடவை பெயர் கூப்பிடும்போது இருந்தாரா என்பதை மட்டும் கேட்பது; இரு வேளையும் பெயர் கொடுத்துவிட்டு இடையில் ஒரு வகுப்புக்கு மட்டும் வராதவனுக்கு அதில் நூறு வீதம். மூன்று எண்களும் பொய்யல்ல. பரீட்சைத் தாளின் முன்னால் அவனைத் தடுமாற வைக்கப்போவது எந்த எண் என்பதைத்தான் செயலி சொல்லவில்லை.

12ஆம் ஆண்டில் இதைக் கவனிக்க வேண்டியதற்குத் தனிக் காரணம் உண்டு. முன்பு முதலாண்டு முடிவில் ஏஎஸ் பரீட்சை இருந்தது. ஓகஸ்ட் மாதப் பெறுபேறு வீட்டுக்கு வந்ததும் நித்திரை கலையும். 2015 முதல் ஏ லெவல் (பல்கலைக்கழக நுழைவுக்கான உயர்தரப் பரீட்சை) பாடங்கள் இரண்டாண்டு முடிவில் ஒரே தடவையாகப் பரீட்சிக்கப்படும் முறைக்கு மாறியபின், இடைவழியில் வெளியிலிருந்து வரும் எச்சரிக்கை இல்லை. மருத்துவபீடத்துக்கு விண்ணப்பிப்பவருக்கு ஒக்டோபர் 15 கடைசி நாள். 12ஆம் ஆண்டுப் படிப்பை வைத்து ஆசிரியர்கள் முன்கூட்டிக் கணித்துத் தரும் எதிர்வுகூறல் தரத்தோடுதான் அவர் அங்கே போய் நிற்கிறார்.

முயற்சிக்குக் கொடுக்கும் தரத்தைப் பற்றி எங்கள் பக்கத்துக் குறையையும் ஒப்புக்கொள்கிறேன். ஒன்று முதல் நான்கு வரை ஓர் இலக்கத்தை இட்டுவிட்டு நகர்கிறோம். அமைதியாக இருந்து, குறிப்புகளை வண்ண மையில் அழகாக எழுதும் பிள்ளைக்கு, குறிப்பாக நம் பெண் பிள்ளைகளுக்கு, உயர்ந்த தரம் எளிதில் கிடைத்துவிடுகிறது. பிழைத்த கணக்கை அவள் மறுபடி செய்து பார்த்தாளா என்று எத்தனை பேர் பார்க்கிறோம்? ஒப்படையை நேரத்துக்குத் தந்தாரா, திருத்தியதை மீளச் செய்தாரா, ஓய்வுப் பாடவேளையை எதற்குப் பயன்படுத்தினார் என்று ஒரு வரியாவது சேராத தரத்தைப் பெற்றோர் ஏற்கக் கூடாது. நடத்தையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: பதினேழு வயதில் அது பெரும்பாலும் பிந்தி வருவதும் கைத்தொலைபேசியும்தான். பதினொரு வயதினருக்கு வகுத்த புள்ளி முறையை இவர்கள்மேல் சுமத்தினால் சிரித்துக்கொண்டு போவார்கள்.

கண்டிப்பு மட்டும் போதும் என்போருக்கு ஒரு சொல். இலங்கையில் உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலை வழியாகத் தோற்ற 80 வீத வரவு வேண்டும் என்ற விதி இருந்தும், பரீட்சை நெருங்க நெருங்க வகுப்பறைகள் வெறுமையாகி ரியூசன் கொட்டில்கள் நிரம்பியதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம், நானும் அங்கிருந்தவள்தான். இங்கே 2004இல் நாடெங்கும் அறிமுகமான கல்விப் பராமரிப்புக் கொடுப்பனவு, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வாரம் 30 பவுண் வரை வரவோடு இணைத்துக் கொடுத்தது. 2011இல் இங்கிலாந்தில் அது மூடப்பட்டது. பதினெட்டு வயதுவரை கல்வியிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், பிள்ளை பாடசாலைக்கு வராததற்காகப் பெற்றோருக்கு விதிக்கும் அபராதம் 11ஆம் ஆண்டோடு நின்றுவிடுகிறது. அதனால் சிக்ஸ்த் ஃபோமில் எங்களிடம் எஞ்சியிருப்பது கேட்டறிவது ஒன்றே.

ஆகவே பெற்றோரிடம் நான் வேண்டுவது இதுதான். மொத்த வீதத்தைப் பார்த்ததும் பிள்ளையை ஏசவோ புகழவோ வேண்டாம். பாடவாரியான, கிழமைவாரியான வரவைப் பாடசாலையிடம் கேளுங்கள், பிள்ளையையும் பக்கத்தில் இருத்தி முதலில் அவரையே பேச விடுங்கள். அந்தத் தகப்பனார் முன்னிலையில் நான் புதன்கிழமைகளை எடுத்துக் காட்டியபோது, பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: அப்பம்மாவின் முழங்கால் சிகிச்சைக்கு வாரந்தோறும் மொழிபெயர்க்கப் போவது அவன்தான். அப்பம்மா வைத்தியசாலைக்குப் போவது தகப்பனாருக்குத் தெரியும். அதற்காக மகன் விட்டுப்போன வகுப்பு எது என்பது தெரியாது. அடுத்த வாரமே அவர் தொலைபேசியில் பேசிச் சிகிச்சை நேரத்தைப் புதன் பிற்பகலுக்கு, அவனுக்குப் பாடமில்லாத வேளைக்கு மாற்றிவிட்டார்.

இங்ஙனம்,
ஏ லெவல் இரசாயனவியல் ஆசிரியை ஒருவர்,
வடமேற்கு லண்டன்.