ஜென்டூ 23.0க்கு மாறச் சொல்லி ஒரு கடிதம்

வட்டக்கச்சி

அன்புள்ள மச்சான்,

சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம். காலபோக அறுவடை முடிந்து, வீதியோரம் முழுக்கப் படங்கில் நெல் காய்கிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகத்துக்குத் தந்த பங்கு காணாது என்று அப்பா புறுபுறுத்துக்கொண்டு திரிகிறார். அது வருடா வருடம் உள்ள கதைதானே.

உன் லப்டொப்பில் இருக்கும் ஜென்டூவை (மூலக்கோடில் இருந்து நாமே கொம்பைல் பண்ணிப் போடுகிற லினக்ஸ்) 17.1 புரொஃபைலில், அதாவது சிஸ்டத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் அமைப்புத் தொகுப்பில் இருந்து 23.0க்கு மாற்றுவதா, பேசாமல் உபுண்டு லினக்ஸ் போடுவதா என்று கேட்டிருந்தாய். மாற்று. நன்றாக ஓடுகிற மெசினை ஏன் அழிப்பான்?

புரொஃபைல் என்பது வெறும் சிம்லிங்க்தான் (வேறொரு ஃபோல்டரைச் சுட்டும் குறிப்பு), ஈசெலெக்ட் என்ற கட்டளையில் ஒரு வரி அடித்தால் மாறிவிடும். பிறகு ஏன் முழுவதையும் திரும்பக் கொம்பைல் பண்ணச் சொல்கிறார்கள் என்கிறாய். நியாயமான கேள்வி. சிஈடி என்ற பாதுகாப்பு வசதியை எடுத்துக்கொள். ஒரு ஃபங்ஷன் முடிந்து திரும்ப வேண்டிய முகவரியை எவனாவது மாற்றி வைத்து புரோகிராமைக் கடத்திவிடாமல் பார்க்கிற காவல் அது. 23.0இல் ஏஎம்டி64 மெசின்களுக்கு (இன்டெல், ஏஎம்டி 64-பிட்) தானாகவே வருகிறது. ஆனால் ஒரு பழைய லைப்ரரி அந்தக் காவலோடு கட்டியது என்ற அடையாளம் இல்லாமல் கிடந்தால், அதோடு சேர்ந்து ஓடும் புரோகிராமுக்கும் காவல் போச்சு. புரொஃபைலை மட்டும் மாற்றிவிட்டு இருந்தால் பாதிப் பயன்கூட வராது.

ஒழுங்கு முக்கியம். முதலில் பக்அப், பிறகு பழைய புரொஃபைலிலேயே சிஸ்டத்தை முழுதாக அப்டேட் செய். போர்ட்டேஜின் (ஜென்டூவில் பொதிகளைக் கட்டி வைக்கும் புரோகிராம்) அமைப்புக் கோப்பான மேக்.கொன்ஃபில் சிஹோஸ்ட் என்று வரி இருந்தால் எடுத்துவிடு, சேமித்து வைத்த பழைய பைனரிப் பொதிகளையும் (ஏற்கனவே கொம்பைல் பண்ணி வைத்தவை) அழி. புரொஃபைலை மாற்றியதும் முதலில் பின்யூட்டில்ஸ் (லிங்கர் முதலிய கருவிகள்), அடுத்து ஜிசிசி (கொம்பைலர்), அதற்கடுத்து ஜிலிப்சி (அடிப்படை சி லைப்ரரி), மூன்றையும் திரும்பக் கட்டு. இந்த வரிசையைக் குழப்பாதே. லிப்டூல் என்ற கருவியையும் முடித்த பிறகுதான், எல்லாவற்றையும் திரும்பக் கட்டச் சொல்லும் எம்ப்டிட்ரீ போட்டு முழு வேர்ல்டும், அதாவது சிஸ்டத்தில் உள்ள அத்தனை பொதியும்.

நீ இடறக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. வெறும் 23.0 என்று நிற்கும் புரொஃபைல், புரோகிராம்கள் இருக்கும் பின், லைப்ரரிகள் இருக்கும் லிப் ஃபோல்டர்கள் எல்லாம் யூஎஸ்ஆர் ஃபோல்டருக்குள் ஏற்கனவே சேர்ந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும். உன்னுடையது ஓபன்ஆர்சியில் (சிஸ்டத்தைத் தொடக்கி வைக்கும் புரோகிராம்) ஓடுவது, இன்னும் பிரிந்துதான் கிடக்கும். ஆகவே பட்டியலில் ஸ்பிளிட்-யூஎஸ்ஆர் என்று இருப்பதைத் தெரிவு செய். சேர்க்கும் வேலையைப் பிறகு ஆறுதலாகப் பார். இரண்டையும் ஒரே நாளில் தொட்டால் எதனால் பிழை வந்தது என்று கண்டுபிடிக்கவே விசர் பிடிக்கும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் கேட்டாய். இங்கே இருந்து போனவனுக்கு அந்தப் பயம் போகாது போல. போர்ட்டேஜ் எதையும் வேறொரு இடத்தில் கட்டி முடித்த பிறகுதான் சிஸ்டத்துக்குள் வைக்கும். அதனால் கொம்பைல் நடுவில் கரண்ட் போனால் அந்தப் பொதியில் செய்த வேலை மட்டும்தான் வீண். போர்ட்டேஜின் கட்டளையான எமேர்ஜை ரிசியூம் என்று கொடுத்தால் விட்ட இடத்துப் பொதியிலிருந்து பிடித்துக்கொள்ளும். லிப்ரெஓஃபிஸ் மாதிரிப் பெரிய சாமான் கடைசிக் கட்டத்தில் நிற்கும்போது போனால்தான் அழுகை வரும். 2023 டிசம்பர் கடைசியில் இருந்து ஜென்டூக்காரர்களே பைனரிப் பொதிகளும் தருகிறார்கள், பெரியவற்றை அங்கே இருந்து எடு. டேட்டா போகும், பரவாயில்லை. அவற்றை எங்கே இருந்து எடுப்பது என்று சொல்லும் பின்ரெப்போஸ் கோப்பில் இருக்கும் முகவரியையும் 23.0 என்று மாற்று, மறந்துவிடாதே.

உன்னிடம் இருப்பது நாலு ஜிபி ரேம். ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வொரு கொம்பைல் ஜொப்புக்கும் இரண்டு ஜிபி என்று கணக்கு வைத்து, மேக்.கொன்ஃபில் உள்ள மேக்ஒப்ட்ஸ் வரியில் ஜே2க்கு (இரண்டு ஜொப்) மேல் போகாதே. ஆசைப்பட்டு எட்டுப் போட்டால் ரேம் போதாமல் டிஸ்க்கில் உள்ள சுவாப்பில் கிடந்து இழுக்கும்.

தொடங்கு முன் லப்டொப்பின் பின்மூடியைக் கழற்றிப் பார். நெல் வெட்டு மெசின் ஓடும் நாட்களில் பறக்கிற நெல்லுச் சுணை, என்னுடையதில் ஃபானுக்கும் செப்புத் தகட்டுக்கும் நடுவே கம்பளி போலப் படிந்திருந்தது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன், இரைச்சல் பாதியாகக் குறைந்தது. நீ இருக்கும் படுவான்கரையிலும் இப்போது அறுவடைதானே, உன்னுடையதும் அப்படித்தான் கிடக்கும்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வருவாய் என்று அம்மா எதிர்பார்க்கிறா. லப்டொப்பையும் கொண்டு வா, அந்த யூஎஸ்ஆர் வேலையை இங்கே வைத்தே முடிக்கலாம். சார்ஜரை மறந்துவிட்டு வராதே.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி