ஐ.ஏ.எஸ். கனவும் ஆங்கில பயமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடிமைப் பணித் தேர்வு முடிவு வெளியானால், தமிழ்வழியில் படித்துத் தேறியவரின் படத்தை நாளிதழ்கள் பெரிதாகப் போடுகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அதைப் பார்க்கிற கிராமத்துப் பட்டதாரி, "அவருக்கு முடிஞ்சுது, நமக்கு இங்கிலீஷ் வராதே" என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார். அந்த ஆங்கிலம் இந்தத் தேர்வில் எங்கே, எவ்வளவு கேட்கப்படுகிறது என்பதை யாரும் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. இந்தத் தேர்வுக்குப் பாடம் எடுப்பவர்கள் என்ற முறையில் அதை இங்கே எழுதுகிறோம்.

முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, நேர்காணல் என இதில் மூன்று கட்டம். முதல்நிலை வடிகட்ட மட்டும்தான். ரேங்க் பட்டியலுக்கு எடுத்துக்கொள்வது மொத்தம் 2025 மதிப்பெண். முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்காணலுக்கு 275. கட்டுரைத் தாள், நான்கு பொதுப்பாடத் தாள்கள், விருப்பப் பாடத்தின் இரண்டு தாள்கள் என ஏழையும் தமிழில் எழுதலாம். விருப்பப் பாடமாகத் தமிழ் இலக்கியத்தையே எடுக்கலாம். நேர்காணலிலும் தமிழில் பதில் சொல்லலாம், மொழிபெயர்ப்பாளர் இருப்பார். ஆக, இந்த 2025 மதிப்பெண்ணில் ஒன்றுக்குக்கூட ஆங்கிலத்தில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆங்கிலத்திலேயே எழுத வேண்டிய தாள் ஒன்று உண்டு. அது முதன்மைத் தேர்வில் வரும் 300 மதிப்பெண் தகுதித் தாள். பத்தாம் வகுப்புத் தரம். 25 சதவீதம், அதாவது 75 எடுத்தால் போதும், ரேங்கில் சேராது. எடுக்காவிட்டால் மற்ற தாள்களைக் கணக்கிலேயே கொள்ள மாட்டார்கள் என்பதால் அலட்சியமும் கூடாது. கட்டுரைக்கு மட்டும் 100 மதிப்பெண். இங்கே விழுகிறவர்கள் பெரும்பாலும் நீளமான வாக்கியத்துக்கு ஆசைப்பட்டு விழுகிறார்கள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை, பத்துப் பன்னிரண்டு சொல், அத்தோடு முற்றுப்புள்ளி. சுருக்கி எழுதும் கேள்வியில் மூலப் பத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்க வேண்டும்; சொந்த நடையில் எழுத வேண்டும். பத்தியிலிருந்து நான்கு வரியை அப்படியே பெயர்த்து வைப்பது சுருக்கம் ஆகாது. வாரம் ஒரு கட்டுரை, இரண்டு சுருக்கம் என்று ஆறு மாதம் எழுதித் திருத்தி வாங்கினால் இந்தத் தாளின் பயம் போய்விடும். (இதே தேர்வில் தமிழுக்கும் 300 மதிப்பெண் தகுதித் தாள் உண்டு. ஆங்கிலப் பள்ளியில் படித்த பிள்ளைகள் அதைக் கண்டு நடுங்குகிறார்கள் என்பதையும் நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.)

உண்மையிலேயே பயப்பட வேண்டியது முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான, திறனறித் தாள் எனப்படும் சிசாட்டுக்கு. நேர்காணலை நினைத்துத் தூக்கம் கெடுகிறவர்கள் இதைக் கடைசி மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்குகிறார்கள். 80 கேள்வி, 120 நிமிடம், 200 மதிப்பெண், தேறுவதற்கு 33 சதவீதம், அதாவது 66. ஒரு சரிக்கு 2.5. ஒரு தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போகும். 30 சரி, 10 தவறு என்றால் 66.67, தேறிவிடலாம். அதே 30 சரியோடு 11 தவறு என்றால் 65.83; அந்த ஆண்டு அவ்வளவுதான், பொது அறிவு கேட்கும் முதல் தாளில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் சரி. தெரியாத கேள்வியில் கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தைக் கருப்பாக்கும் பழக்கம் எத்தனை பேரைக் கவிழ்க்கிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இந்தத் தாளும் ஆங்கிலம், இந்தி இரண்டில் மட்டுமே அச்சாகிறது. ஆனால் பத்தி படித்துப் பதில் சொல்லும் கேள்விகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். மீதி, கணக்கும் தர்க்கமும். தவறே இல்லாமல் 27 சரியாகப் போட்டால் 67.5 வந்துவிடும். எனவே ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர் சதவீதம், விகிதம், வேகம், வேலை-நாள், மீதி காணல், வரிசை மாற்றம் இவற்றில் காலூன்ற வேண்டும். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் தொடங்கலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது. கேள்விகளில் சுற்றி வளைத்தல் அதிகம்.

பத்திகளுக்கு ஒரு வழி: தேர்வை நடத்தும் ஆணையமான யு.பி.எஸ்.சி.யின் இணையதளத்தில் பழைய வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தினமும் இரண்டு பத்தி எடுத்து, பத்திக்கு மூன்று நிமிடம் வைத்துப் படித்து, கீழே கொடுத்திருக்கும் நான்கு விடைகளைப் பார்க்கும் முன் அதன் சாரத்தைத் தமிழில் இரண்டு வரியாக எழுதிவிட வேண்டும். பிறகுதான் விடைகளைத் தொட வேண்டும். இதைச் செய்யாதவர்கள் உலகத்தில் எது உண்மையோ அதைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். கேட்பதோ அந்தப் பத்தி என்ன சொல்கிறது என்பதை. அதேபோல் முதல் தாளில், 'எவை சரி', 'எவை சரியல்ல', 'எத்தனை கூற்றுகள் சரி' என்ற மூன்று வகைக் கேள்விகளை மாற்றிப் படித்து மதிப்பெண் விடுகிறவர்கள் ஏராளம். வினாத்தாளில் 'நாட்' (not) என்ற சொல்லைக் கண்டதும் பேனாவால் வட்டமிடுங்கள். அற்பமாகத் தோன்றும், செய்து பாருங்கள்.

முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுவதில் வேறு சிக்கல்கள் உண்டு. பொதுப்பாடத்தின் முதல் மூன்று தாள்களில், தாளுக்கு மூன்று மணி நேரத்தில் 20 கேள்வி: பத்து கேள்விக்கு 150 சொல், பத்து கேள்விக்கு 250 சொல். கேள்விக்கு ஒன்பது நிமிடம்தான். கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும். அதைத் தமிழில் யோசித்து எழுதத் தொடங்கவே ஒரு நிமிடம் போகும். தமிழில் எழுதும் வேகம் தானாக வராது; கடிகாரம் வைத்துத் தினமும் இரண்டு விடை எழுதினால்தான் வரும். கலைச்சொல்லைத் தமிழில் எழுதி, அருகே அடைப்புக்குறிக்குள் அதன் ஆங்கில வடிவத்தையும் தர ஆணையத்தின் விதி அனுமதிக்கிறது. பலருக்கு இது தெரியாது. ஆனால் கலைச்சொல்லுக்கு மட்டும்தான் அந்தச் சலுகை. தமிழ் வராத இடத்தில் பாதி விடையை ஆங்கிலத்தில் எழுதினால் மொத்த மதிப்பெண்ணில் குறைப்பார்கள்; மிகவும் மீறினால் தாளையே திருத்த மாட்டார்கள்.

படிக்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். 6 முதல் 12 வரையிலான நம் சமூக அறிவியல், வரலாறு, பொருளியல் பாடநூல்கள், மத்திய அரசின் 'திட்டம்' மாத இதழ், அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு. பொருளாதார ஆய்வறிக்கை போன்றவற்றை ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் குறிப்பெடுக்கத்தான் வேண்டும். இது கூடுதல் உழைப்பு; இல்லை என்று ஏமாற்ற மாட்டோம்.

நேர்காணலுக்கு ஒரு குறிப்பு மட்டும்: இரண்டு மூன்று வாக்கியம் பேசி நிறுத்துங்கள். மூச்சுவிடாமல் பேசினால் மொழிபெயர்ப்பாளர் சுருக்கிவிடுவார். உறுப்பினர்கள் காதுக்குப் போவது அந்தச் சுருக்கம்தான்.

"வாய்ப்பு வீணாகிவிடுமே" என்பது இன்னொரு பயம். விண்ணப்பித்துவிட்டுத் தேர்வுக்குப் போகாவிட்டால் அது ஒரு முயற்சியாகக் கணக்காகாது. முதல்நிலையில் ஒரு தாளாவது எழுதினால்தான் கணக்கு. பொதுப் பிரிவினருக்கு 32 வயது வரை ஆறு முறை, ஓ.பி.சி.க்கு 35 வரை ஒன்பது முறை, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 37 வரை எத்தனை முறையும். கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கும் எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் அதுவும் இல்லை. செலவுக்கு வழியில்லாதவர்கள் நான் முதல்வன் திட்டத்தின் தேர்வை எழுதலாம். தேர்வாகும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் பத்து மாதத்துக்குத் தருகிறது மாநில அரசு.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சாதித்தவரின் படத்தோடு அவர் எந்தத் தாளை எந்த மொழியில் எழுதினார், எந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் வாங்கினார் என்பதையும் அச்சிடுங்கள். வாரம் ஒரு நாள் பழைய சிசாட் பத்தி ஒன்றை அதன் ஆங்கிலத்திலேயே வெளியிட்டு, கீழே தமிழில் விளக்கம் கொடுங்கள். கால் பக்கம் போதும்.

இப்படிக்கு,
குடிமைப் பணித் தேர்வுப் பயிற்றுநர்கள்,
தஞ்சாவூர்.