தேக்காவில் சைக்கிளை எங்கே பூட்டுவது? ஒரு திறந்த மடல்

சிங்கப்பூர் லிட்டில் இந்தியா வட்டாரத்தின் சாலைகளையும் நடைபாதைகளையும் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

தேக்கா சந்தைக்கும் சிராங்கூன் சாலைக் கடைகளுக்கும் சைக்கிளில் வருவோருக்கு நிறுத்துமிடம் பற்றவில்லை. கூட்டித் தாருங்கள் என்று கேட்கிறோம். ஆனால் சைக்கிளை நிறுத்திப் பூட்டும் தாங்கி தவறானதாக இருந்தால் எத்தனை வைத்தாலும் பற்றாது.

முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் தாங்கியைப் பாருங்கள். கூடையில் ஐந்து கிலோ அரிசி, ஹேண்டில்பாரில் காய்கறிப் பை. கனம் ஏறியதும் ஹேண்டில்பார் திரும்பும், வண்டி சாயும். சக்கரமோ இடுக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும், ரிம் கோணிவிடும். பூட்டையும் சக்கரத்தில்தான் போட முடியும். அதைக் கழற்றி விட்டுவிட்டு மீதி வண்டியைத் தூக்கிப்போக ஒரு ஸ்பேனர் போதும்.

வேண்டியது, 'ப' எழுத்தைக் கவிழ்த்ததுபோன்ற குழாய்த் தாங்கி. உயரம் 75 முதல் 80 செ.மீ., நீளம் முக்கால் மீட்டருக்குக் குறையாமல். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு சைக்கிள் சாயலாம். சட்டத்தையும் சக்கரத்தையும் சேர்த்தே பூட்டலாம். இரண்டு தாங்கிகளுக்கு இடையே ஒரு மீட்டர் விடுங்கள். அறுபது செ.மீ. விட்டால் ஹேண்டில்பார்கள் சிக்கிக்கொள்ளும், பாதி இடம் வீணாகும். மழை ஊருக்குத் துருப்பிடிக்காத எஃகுதான் சரி. கால்களை கான்கிரீட்டில் புதைக்க வேண்டும். நடைபாதைக் கல்லில் போல்ட் போட்டால், கல்லுக்கு அடியில் மணல்தானே, நாளடைவில் ஆட ஆரம்பித்துவிடும்.

இரண்டடுக்குத் தாங்கி இடத்தை மிச்சப்படுத்தும், உண்மைதான். ஆனால் மின்சைக்கிளின் எடை 20 கிலோ வரை இருக்கலாம் என்பது நம் விதி. சந்தைக்கு வரும் பாட்டியை விடுங்கள், இளைஞரே அதை மேலடுக்குக்கு ஏற்றத் தயங்குவார்.

இடத்துக்கு எங்கே போவது? கடைகளின் முன்னால் கூரையோடு போகும் நடைவழியான ஐந்தடியில் கை வைக்க வேண்டாம். ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு சைக்கிளைச் சுவரோரம் சாய்த்தாலே அறுபது செ.மீ. போய்விடும், கடைச் சரக்கும் வெளியே நீண்டிருந்தால் சக்கர நாற்காலி நுழையாது. சாலையோரத்துக் கார் நிறுத்துமிடம் ஒன்றைக் கொடுங்கள். 2.4 மீட்டர் அகலமும் 5.4 மீட்டர் நீளமும் உள்ள அந்தக் கட்டத்தில், நீளவாக்கில் ஒரு மீட்டருக்கு ஒன்றாக ஐந்து தாங்கிகள் குறுக்கே நிற்கும். ஒரு கார் நின்ற இடத்தில் பத்து சைக்கிள். டன்லப் ஸ்திரீட், அப்பர் டிக்சன் ரோடு போன்ற தெருக்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிரித்து வையுங்கள். எல்லாவற்றையும் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் குவித்தால், பூ வாங்க வந்தவர் கடை எதிரிலுள்ள கம்பத்தில்தான் கட்டுவார்.

செயலி வழியே வாடகைக்கு எடுக்கும் பகிர்வு சைக்கிளில் இன்னொரு சிக்கல். நிறுத்துமிடத்தின் கியூஆர் குறியீட்டை வருடினால்தான் பயணம் முடியும். அதனால் குறியீடு எங்கேயோ வண்டிகளும் அங்கே சேரும். அவற்றுக்கு வண்டியிலேயே நிறுத்துகாலும் பூட்டும் உண்டு, குழாய்த் தாங்கி தேவையே இல்லை. தரையில் மஞ்சள் கோடு போட்ட சைக்கிள் நிறுத்தக் கட்டத்தில் மட்டும் குறியீட்டை ஒட்டினால் குழாய்கள் சொந்த சைக்கிளுக்கு மிஞ்சும்.

கணக்கெடுப்பை ஞாயிறு மாலையில் நடத்துங்கள், வார நாள் காலையில் அல்ல. கம்பத்திலும் வேலியிலும் கட்டியிருப்பவற்றையும் எண்ணுங்கள். காற்று இறங்கி, சங்கிலி துருவேறிக் கிடப்பவற்றில் அறிவிப்புச் சீட்டு கட்டி, கெடு முடிந்ததும் அகற்றுங்கள். தீபாவளிக் கடைகள் போடும் மாதத்தில் தாங்கிகளை மறைக்க நேர்ந்தால், பக்கத்துத் தெருவில் தற்காலிகத் தாங்கிகளை முதலில் வைத்துவிட்டுப் பந்தல் போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தேக்காவுக்குச் சைக்கிளில் வந்துபோகிறவர்கள்