பினாங்குக் கல்யாணம்: கிளம்பும் முன் படிக்கவும்

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து கிளம்பும் 22 பேருக்கும் இது.

1. வியாழன் மாலை 4 மணிக்கு மகாமகக் குளம் மேல்கரையில் வேன். திருச்சி விமான நிலையத்தில் 3 மணி நேரம் முன்பே இருக்க வேண்டும். தஞ்சாவூரில் காபிக்கு நிறுத்தம் கிடையாது.

2. பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். இறங்கும் நாளிலிருந்து 6 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். ஒருமுறை 4 மாதமே மீதமிருந்த என் அத்தையைக் கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். தலையில் வைத்த பூ வாடுவதற்குள் வீடு திரும்பிவிட்டார்.

3. 2026 கடைசி வரை, 30 நாள் தங்க நமக்கு விசா வேண்டாம். ஆனால் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்டால் அரசுத் தளம் இல்லை. பெரியவர்களுக்கு நானே நிரப்பித் தருகிறேன்.

4. நகை அளவாகப் போதும். கனமாகக் கொண்டுவருபவர்கள் பில்லோடு வந்து, திருச்சி சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும்போது பேச்சு மிச்சம்.

5. கொப்பரைக்கு விமானத்தில் தடை. பவர் பேங்க் கைப்பையில், நெய்யும் ஊறுகாயும் பெட்டியில். வெற்றிலைக் கட்டு வேண்டாம், அங்கே லிட்டில் இந்தியாவில் கிடைக்கும்.

6. அங்கே நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். முகூர்த்தம் காலை 9 மணி என்றால் நம் கடிகாரத்தில் 6.30. அப்புறம் தூங்கிவிட்டேன் என்று சொல்லக்கூடாது.

பாஸ்போர்ட் முதல் பக்கப் படத்தை ஞாயிறு இரவு 8 மணிக்குள் எனக்குத் தனியாக அனுப்பவும். குழுவில் போட வேண்டாம். வேனில் வருபவர்கள் மட்டும் இங்கே ‘வேன்’ என்று பதில் போடுங்கள்.