மணிக்கட்டு சேர்ந்துவிட்டது, நன்றி சொல்ல வந்தேன்

எல்லாருக்கும் வணக்கம். மாவுக்கட்டு பிரித்து இரண்டு மாதமாகிறது. துணி பிழிய இன்னும் வரவில்லை, பேனா பிடிக்க வருகிறது. பேனா பிடிக்க வந்ததும் முதலில் இதைத்தான் எழுத வேண்டும் என்று வைத்திருந்தேன். பெயர் போடாதே என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யார் பெயரும் இல்லை, படித்தால் அவரவருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்கு: நான் மனநல வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். ஆடி மாதம் ஒரு ராத்திரி, மூன்று நாளாகத் தூங்காத ஒரு தம்பிக்கு மாத்திரை கொடுக்கப் போனேன். என்னை யாரென்று நினைத்தானோ, என் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட்டான். அது நைலான், அறுந்தே தொலையாது. கையை ஊன்றி விழுந்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது, கயிறோ கழுத்தில் இறுகிக்கொண்டே இருந்தது. கத்தரிக்கோலோடு ஓடிவந்து அதை வெட்டிய வார்டு அண்ணனுக்குத்தான் முதல் நன்றி. வெட்டிவிட்டு அவர் அந்தத் தம்பியை அடிக்கவில்லை, அதட்டக்கூட இல்லை, "சாப்பிட்டியாடா" என்று கேட்டபடியே கட்டிலில் உட்காரவைத்தார். அந்த நேரத்தில் எப்படிண்ணே அப்படிக் கேட்டீங்க என்று பிறகு விசாரித்தேன். "வேற என்னத்தக் கேக்குறது" என்றார்.

மறுநாள் ஆபீசில், "வழுக்கி விழுந்தேன்னு சிக் லீவ் எழுதிக் குடுத்துடும்மா" என்றார்கள். மருந்து மயக்கத்தில் நானும் தலையாட்டிவிட்டேன். சீனியர் அக்கா, நீங்கள்தான் விடவில்லை. விபத்துப் பதிவேட்டை வாங்கி, நேரம், இடம், பார்த்தவர்கள் பெயர் எல்லாம் எழுதி, என்னை இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போடவைத்து, அந்தப் பக்கத்தைப் போட்டோவும் எடுத்துக்கொண்டீர்கள். அப்போது எரிச்சலாக இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டுப் பணம்) பிடிக்க ஆரம்பித்து 4 மாதம்தான் ஆகியிருந்தது. நோய் விடுப்பு என்று போயிருந்தால், புதிதாகச் சேர்ந்தவள் என்பதால் உதவித்தொகை ஒரு பைசா வந்திருக்காது. வேலையில் பட்ட காயத்துக்கு அந்தக் காத்திருப்பு கிடையாது, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு கணக்குப் போட்டுத் தருகிறார்கள். வீட்டு வாடகை அதில்தான் போனது. எங்கள் வார்டில் கடியோ கீறலோ அறையோ வாங்காத ஆள் கிடையாது. ஆனால் அந்தப் பதிவேட்டில் எனக்கு முந்தைய வரி எது தெரியுமா? சமையல்கட்டில் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டது.

சொந்தக்காரர்கள் வந்து, "கட்டிப் போட வேண்டியதுதானே" என்றார்கள். 2017 மனநலச் சட்டப்படி, உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால்தான், அதுவும் மருத்துவர் அனுமதியோடுதான் கட்டலாம். தனியறையில் அடைப்பது அறவே கூடாது. அடிபட்ட பிறகும் அது சரி என்றுதான் சொல்கிறேன். ஆனால் ராத்திரியில் 30 கட்டிலுக்கு இரண்டு பேரை விட்டுவிட்டு அந்தச் சட்டத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதையும் யாராவது சொல்ல வேண்டும்.

அந்தத் தம்பியின் அம்மா ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார், உள்ளே வரக் கூச்சப்பட்டு. அம்மா, போலீசுக்குப் போகவில்லை என்பதற்காக நீங்கள் என் காலில் விழப் போனது எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் கொண்டுவந்த ஆரஞ்சை உரிக்கக் கையில்லாமல் என் மகள் உரித்துக் கொடுத்தாள், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவன் இப்போது மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான் என்று கேள்விப்பட்டேன்.

எலும்பு டாக்டருக்கும், நான் கத்தக் கத்த விரலை மடக்கவைத்த பிசியோ தங்கச்சிக்கும் நன்றி. என் நைட் டியூட்டிகளை முகம் சுளிக்காமல் பங்கு போட்டுக்கொண்டவர்களுக்குத் தீபாவளி நைட் முழுக்க நான் பார்க்கிறேன். இப்போது வார்டில் எல்லாரும் சட்டையில் குத்துகிற கிளிப் அட்டைதான் போடுகிறோம், அது வார்டு அண்ணன் போட்ட சண்டை.

ஆயாம்மா, உங்கள் டிபன் கேரியர் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திங்கட்கிழமை கொண்டுவருகிறேன்.