கொலாபா நோட்டுகளுக்கும் நாலு வரி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூரியனிலிருந்து வந்து பூமியின் காந்தத்தையே ஆட்டிவிடும் சூரியப் புயல் பற்றிய உங்கள் கட்டுரையைப் பாம்பன் டீக்கடையில் படித்தேன். செயற்கைக்கோள்களைப் பற்றி நிறைய எழுதியிருந்தீர்கள். சரி, 1859 செப்டம்பர் புயல்தான் பெரியது என்கிறீர்களே, அப்போது வானத்தில் செயற்கைக்கோள் ஏது?

பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் 1841 முதல் பூமியின் காந்தத்தை அளந்து குறித்து வந்தார்கள். இழையில் தொங்கும் காந்தம் எவ்வளவு திரும்பியது என்று கண்ணால் பார்த்து எழுதிய எண்கள். அந்தப் புயலில் ஐரோப்பாவில் சில கருவிகளின் பதிவு அளவுகோலையே தாண்டிப் போய்விட, கொலாபாவில் காந்தப் புலத்தின் வலிமை சுமார் 1,600 நானோடெஸ்லா (அதை அளக்கும் அலகு) இறங்கியது பதிவாகியிருக்கிறது. 2003இல் அந்தப் புயலின் அளவைக் கணக்கிட விஞ்ஞானிகள் தேடிப் போனது இந்தப் பழைய எண்களைத்தான்.

நான் வல்லம் ஓட்டியவன். ‘ஊசிப் பக்கம் இரும்பைக் கொண்டுவராதே’ என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு நாள் இரவு இன்ஜினைச் சரிபார்த்த கையோடு ஸ்பானரைக் காம்பஸ் பெட்டியை ஒட்டி வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில், வலப்பக்கம் தெரியவேண்டிய கலங்கரை விளக்கு நேர் முன்னால் தெரிந்தது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, ஸ்பானரை எடுத்து என் மடியில் போட்டார்.

ஒரு ஸ்பானருக்கே இந்தக் கதி. பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்சாரம் அளவைக் குழப்பிவிடும் என்றதும் காந்த ஆய்வகத்தையே 1904இல் தெற்கே கடலோரத்தில் உள்ள அலிபாக்குக்கு மாற்றினார்கள். அதிலும் எனக்குப் பிடித்தது, உடனே கொலாபாவைப் பூட்டிவிடவில்லை. பழைய எண்ணும் புதிய எண்ணும் கோத்துப்போக வேண்டுமே! 1906 வரை இரண்டு இடத்திலும் சேர்த்தே அளந்தார்கள். பூமியின் காந்தம் வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல மாறுவது. நடுவில் அறுந்த கணக்கை வைத்துக்கொண்டு அதை எப்படிப் பிடிப்பது?

இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் தென்கோடியில் காந்த ஊசி ஏறக்குறையப் படுக்கையாகவே நிற்கும், வடக்கே போகப்போகத்தான் தலை சாயும். ஊசி சாயாமல் படுக்கையாக நிற்கும் கோடு, அதாவது காந்த நடுக்கோடு, இந்தப் பக்கம் போவதுதான் காரணம். இந்தப் பக்கம்தான் 1850களில் திருவிதாங்கூர் அரசின் ஆய்வக இயக்குநர் ஜான் ஆலன் பிரவுன் திருவனந்தபுரத்தில் அளந்தது போதாதென்று அகத்தியமலை உச்சியிலும் ஒரு ஆய்வகம் போட்டார். யானைக் காட்டுக்குள் கருவிகளைச் சுமந்து ஏறியவர்களையும் நினைத்துப் பாருங்கள்.

அடுத்த சூரியப் புயலுக்கு எழுதும்போது இவர்களுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படகோட்டி ஒருவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.